துணை நிரலால் விழும் தோட்டக் கணக்கு மென்பொருள்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகங்களில் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), எடைச்சீட்டு, சம்பளக் கணக்கு ஆகியவற்றை ஒன்றாகப் பார்க்கும் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்காகவும், அதற்குள் சொந்தமாக ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிச் சேர்க்கும் கிராணிகளுக்காகவும் (அலுவலக எழுத்தர்களுக்காகவும்) இந்த வழிமுறை எழுதப்படுகிறது. ஒரு தோட்டத்தில் கூலி குலைக் கணக்கில் ஓடும்; பக்கத்துத் தோட்டத்தில் அது டன் கணக்காக இருக்கும்; மேட்டு நிரைகளுக்குத் தனிப்படி கொடுக்கும் நிர்வாகமும் உண்டு. இத்தனை விதிகளையும் முன்கூட்டியே எழுதித் தருவது இயலாது என்பதால்தான் தாய் மென்பொருளில் பைத்தான் அல்லது சி ஷார்ப் ஸ்கிரிப்டுகளைச் செருகிக்கொள்ள இடம் விடப்படுகிறது. அப்படி இடம் விட்ட பிறகு, செருகிய நிரல் தவறியதால் மென்பொருள் முழுவதும் விழுந்தது என்று சொல்லிக் கிராணியைக் கைகாட்டுவதை நான் ஏற்பதில்லை. ஸ்கிரிப்ட் தவறத்தான் செய்யும். அந்தத் தவறு எதுவரை பரவலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது தாய் மென்பொருள்.

எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தவற்றை அதே புரோசஸுக்குள், அதாவது தாய் மென்பொருள் ஓடும் அதே இயக்கத்துக்குள், பிடிக்க முடியுமா, அல்லது ஸ்கிரிப்டைத் தனிப் புரோசஸில் ஓட்டினால் மட்டுமே தப்ப முடியுமா? இதற்கு விடை தெரியாமல் ஸ்கிரிப்டைச் சுற்றி டிரை-கேட்ச் (பிழையைப் பிடிக்கும் நிரல் வரிகள்) கட்டுவதில் பயனில்லை.

மறுபடி திறப்பதற்கு முன்

விழுந்த மென்பொருளை உடனே மறுபடி திறக்கத்தான் கை போகும், ஏனென்றால் வெளியே லோரி நிற்கும். இருந்தாலும் விழுந்த நேரம், கடைசி எடைச்சீட்டின் எண், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, அதே நேரத்தில் 1000 அல்லது 1026 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது எந்த மென்பொருள் விழுந்தாலும் விண்டோஸ் எழுதும் பதிவு. அதில் பிழை நேர்ந்த மாட்யூலின் பெயர் இருக்கும். இரண்டாவது டாட் நெட் எழுதுவது. எந்த வரிசையில் எந்தச் செயற்கூறு அழைக்கப்பட்டது என்பது அதில் கிடைக்கும். இரண்டுமே இல்லையென்றால் அதுவும் ஒரு தடயம்: பெரும்பாலும் மென்பொருள் விழவில்லை, யாரோ அதை மூடச் சொல்லியிருக்கிறார்கள்.

பிழைச் செய்தி வருகிறது, அன்றைய கணக்கு நின்றுவிடுகிறது

அறிகுறிகளிலேயே இதுதான் எளிது. விடியற்காலையிலிருந்து மழை கொட்டி, பிரட்டு (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டம்) கலைந்து, ஒருவரும் குலை வெட்டப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய டன் 0, வெட்டியவர்கள் 0. ஆளுக்குச் சராசரி எவ்வளவு என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் 0-வை 0-வால் வகுக்கப் போய் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுப்புகிறது. பல மாதமாக ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது என்றால் முதலில் வகுத்தல் வரிகளைப் பாருங்கள்.

இந்தத் தவற்றைப் புரோசஸுக்குள்ளேயே பிடித்துவிடலாம். தாய் மென்பொருள் ஸ்கிரிப்டை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் எக்செப்ஷனைப் பிடித்து, ஸ்கிரிப்டின் பெயர், வரி எண், கொடுக்கப்பட்ட தரவு ஆகியவற்றைப் பதிவுக் கோப்பில் எழுத வேண்டும். பிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். விடை கிடைக்கவில்லை என்றதும் 0 என்று நிரப்பி மேலே போய்விடுகிறார்கள். சம்பளக் கணக்கில் 0 என்பதும் ஒரு விடைதான். அது யாரோ ஒருவருடைய ஒரு நாள் கூலி. விடை வராத கட்டத்தை வெறுமையாக விட்டு, அதற்குச் சிவப்புக் குறி போட்டு, அந்தக் குறி நீங்கும்வரை சம்பளப் பட்டியலை அச்சிட விடாமல் தடுப்பதே முறை. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே அந்தக் குறி மாதக் கடைசியில் அல்ல, அன்றே கண்ணில் பட வேண்டும்.

மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்துவிடுகிறது

பிழைச் செய்திப் பெட்டியும் வரவில்லை, பதிவுக் கோப்பும் பாதி வரியில் நிற்கிறது. டிரை-கேட்ச் இருந்தும் இப்படி நடந்தால், புரோசஸ் முடிந்தபோது விட்டுச்சென்ற வெளியேறு எண்ணைத் தேடுங்கள். ஸ்கிரிப்டுகளைத் தனிப் புரோசஸில் ஓட்டுபவர்களுக்கு அது நேரடியாகக் கிடைக்கும். ஒரே புரோசஸில் ஓட்டுபவர்கள், தாய் மென்பொருளைத் திறந்துவிட்டு அது முடியும்வரை காத்திருந்து எண்ணைக் குறித்துவைக்கும் சிறு ஏவுநிரல் ஒன்றை எழுதிக்கொள்வது நல்லது.

-1073741571 என்ற எண் ஸ்டாக் (செயற்கூறு அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) நிரம்பிவிட்டதைக் காட்டுகிறது. தோட்டக் கணக்கில் இதற்கு வழக்கமான காரணம் மேற்பார்வை வரிசை. தொழிலாளிக்கு மண்டோர் (கங்காணி), மண்டோருக்கு வெளிக்கள அதிகாரி என்று படிப்படியாக மேலே ஏறும் ஸ்கிரிப்ட், யாரோ ஒரு மண்டோருக்கு மேலாளர் கட்டத்தில் அவருடைய எண்ணையே தட்டிவிட்டால், அதே ஆளிடம் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். பைத்தானில் எழுதியிருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம், ஏனென்றால் அழைப்பின் ஆழம் இயல்பாக 1000-க்கு வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டியதும் பிடிக்கக்கூடிய எக்செப்ஷன் எழும். அந்த வரம்பை ஸ்கிரிப்டில் யாராவது உயர்த்தியிருந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். சி ஷார்ப்பில் கதையே வேறு. 2005-இல் வந்த டாட் நெட் 2.0 முதல், ஸ்டாக் நிரம்பியதை எந்தக் கேட்சும் பிடிக்காது. புரோசஸ் அங்கேயே முடிக்கப்படும். சி ஷார்ப் ஸ்கிரிப்டுகளுக்குத் தனிப் புரோசஸ் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

-1073741819 என்றால் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட குற்றம். -1073740940 என்றால் ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதி) சிதைந்துவிட்டது. வெறும் பைத்தான் வரிகள் இவற்றைச் செய்வது அரிது. எடைக்கருவியோடு வந்த டிஎல்எல் (நிரல் நூலகக் கோப்பு) ஒன்றை சி-டைப்ஸ் என்ற பைத்தான் மாட்யூல் வழியே ஸ்கிரிப்ட் அழைக்கிறதா என்று பாருங்கள். அளவுரு ஒன்றின் வகை மாறியிருந்தாலே போதும். பைத்தான் 3.3 முதல் இருக்கும் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூலை இயக்கிவைத்தால், விழும் தறுவாயில் எந்த வரி ஓடிக்கொண்டிருந்தது என்பதையாவது எழுதிவிட்டுப் போகும். ஹீப் சிதைவில் இன்னொரு கவனம் தேவை: கெடுத்தது ஒரு ஸ்கிரிப்டாகவும், சில நிமிடம் கழித்து விழுந்தது வேறொரு ஸ்கிரிப்டாகவும் இருக்கலாம். எல்லா ஸ்கிரிப்டும் ஒரே புரோசஸில் இருக்கும்வரை பதிவுக் கோப்பில் உள்ள பெயரை நம்ப முடியாது.

-532462766 என்பது டாட் நெட்டில் யாரும் பிடிக்காமல் விட்ட எக்செப்ஷன். 'அழைக்கும் இடத்தில் கேட்ச் போட்டிருக்கிறேனே' என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கிரிப்ட் தானாக ஒரு திரெட்டையோ (அதே புரோசஸுக்குள் இணையாக ஓடும் கிளை) டைமரையோ கிளப்பிவிட்டுத் திரும்பியிருந்தால், அந்தத் திரெட்டில் பிறகு எழும் எக்செப்ஷன் உங்கள் கேட்ச் இருக்கும் பக்கமே வராது. புரோசஸையும் சேர்த்து முடித்துவிடும்.

எண் 0 என்று வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். 'இன்று எடைச்சீட்டு இல்லை, முடித்துக்கொள்வோம்' என்ற எண்ணத்தில் கிராணி சிஸ்.எக்ஸிட் என்று எழுதியிருப்பார். அது சிஸ்டம்எக்ஸிட் என்ற எக்செப்ஷனை எழுப்புகிறது. ஆனால் பைத்தானில் 'எக்செப்ட் எக்செப்ஷன்' என்ற வரி அதைப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அது அந்தக் குடும்பத்துக்கு வெளியே, பேஸ்எக்செப்ஷனின் நேரடிப் பிள்ளையாக இருக்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் இடைநிலை நிரல் அதைத் தனியாகப் பிடிக்க வேண்டும். ஓஎஸ் மாட்யூலில் அடிக்கோட்டுடன் தொடங்கும் எக்ஸிட்டோ எதையும் எழுப்பாமல், எழுதி முடிக்காத கோப்புகளையும் கண்டுகொள்ளாமல் உடனே முடித்துவிடும். எனவே வேலை நிறைவேறியதற்கு 0 என்ற எண்ணைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடையோடு சேர்த்து 'முடிந்தது' என்ற கடைசி வரியையும் இடைநிலை நிரல் அனுப்ப வேண்டும். அந்த வரி வராவிட்டால் எண் எதுவாக இருந்தாலும் அது தோல்விதான்.

திரை உறைந்து நிற்கிறது

எடைப்பாலத்தில் லோரி ஏறியதும் திரை வெளுத்து 'பதிலளிக்கவில்லை' என்று காட்டுகிறதென்றால், ஸ்கிரிப்ட் திரையை வரையும் திரெட்டிலேயே ஓடுகிறது. வேறு திரெட்டுக்கு மாற்றினால் திரை உயிர்பெறும். ஆனால் ஸ்கிரிப்ட் மட்டும் உறைந்தே கிடக்கும். அதன் காரணத்தைத் தனியே தேட வேண்டும்.

எடைப்பாலத்தில் அடிக்கடி காணப்படும் காரணம் சீரியல் போர்ட். பைசீரியல் என்ற பைத்தான் நூலகத்தில் போர்ட்டைத் திறக்கும்போது காத்திருப்பு நேரத்தைக் குறிப்பிடாவிட்டால், தரவு வரும்வரை எல்லையின்றிக் காத்திருப்பதே அதன் இயல்பு. எடைக்கருவியின் கேபிள் கழன்றிருந்தாலோ கருவி அணைக்கப்பட்டிருந்தாலோ தரவு வரப்போவதே இல்லை. 2 விநாடி என்று ஒரு வரம்பு கொடுத்தாலே இது தீர்ந்துவிடும். சில ஸ்கிரிப்டுகள் முள் நிலைக்கும்வரை, அதாவது அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றாகும்வரை, சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் இருந்தால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், சுற்றும் முடியாது. அந்தச் சுற்றுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும்.

அடுத்த காரணம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துத் தொடரின் வடிவத்தைத் தேடும் சூத்திரம். லோரி எண்ணையோ சீட்டின் குறிப்பையோ சரிபார்க்க எழுதிய வடிவம் ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வந்தால், பொருந்தாத ஒரு சொற்றொடருக்காகப் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடிக்கொண்டே இருக்கும். இது கிராணிகள் மட்டும் செய்யும் தவறென்று எண்ண வேண்டாம். 2019 ஜூலை 2-ஆம் தேதி கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை உலகெங்கும் ஏறத்தாழ அரை மணி நேரம் தடைப்பட்டதற்கு இத்தகைய ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் காரணம். டாட் நெட்டில் 4.5 பதிப்பு முதல் தேடலுக்கு நேர வரம்பு கொடுக்கலாம். பைத்தானின் ஆர்ஈ மாட்யூலில் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, தேடல் நடக்கும்போது அதே புரோசஸில் உள்ள மற்றப் பைத்தான் திரெட்டுகளையும் ஓடவிடாது.

உறைந்த ஸ்கிரிப்டை வெளியிலிருந்து நிறுத்த, அதன் திரெட்டைக் கொல்லலாம் என்று தோன்றும். பைத்தானில் அதற்குப் பாதுகாப்பான வழியே கிடையாது. பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க்கில் திரெட் அபார்ட் இருந்தது. டாட் நெட் கோரிலும் அதற்குப் பின்வந்த பதிப்புகளிலும் அதை அழைத்தால் இந்தத் தளத்தில் ஆதரவில்லை என்ற எக்செப்ஷன்தான் கிடைக்கும். நம்பி நிறுத்தக்கூடியது புரோசஸை மட்டுமே. எடைபோடும் ஸ்கிரிப்டுக்குச் சில விநாடி, மாதக் கணக்குக்குச் சில நிமிடம் என்று வேலைக்கேற்ற கெடு வைத்து, கெடு கடந்ததும் புரோசஸை முடித்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் தன் பங்குக்கு வேறு புரோசஸ்களைக் கிளப்பியிருந்தால் அவை அநாதையாகத் தங்கிவிடும். எல்லாவற்றையும் விண்டோஸின் ஜாப் ஆப்ஜெக்ட் ஒன்றுக்குள் வைத்தால், அதை மூடும்போது உள்ளே இருப்பவை அனைத்தும் சேர்ந்து முடியும்படி செய்யலாம்.

காலையில் வேகம், மாலையில் ஆமை, கடைசியில் விழுகிறது

டாஸ்க் மேனேஜரில் நினைவக அளவை மணிக்கொரு தரம் குறித்து வாருங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இறங்காமல் நின்றால், ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் பொதுப்பட்டியலில் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது, காலி செய்வதில்லை. எடைக்கருவியின் டிஎல்எல் 32-பிட்டாக இருப்பதால் தாய் மென்பொருளும் 32-பிட்டாகவே தங்கிவிட்ட இடங்களில், கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் புரோசஸுக்குக் கிடைப்பது இயல்பாக 2 ஜிபி மட்டுமே. நினைவகம் தீர்ந்தபோது யார் கேட்கிறாரோ அவர் விழுவார். தின்று தீர்த்தவர் பெயர் பதிவில் வராது. தனிப் புரோசஸும், அதே ஜாப் ஆப்ஜெக்டில் ஒரு நினைவக வரம்பும் இருந்தால் தின்றவரே விழுவார்.

கட்டளைத் திரையில் ஓடுகிறது, மென்பொருளுக்குள் மட்டும் விழுகிறது

தமிழில் பெயர் எழுதிவைக்கும் அலுவலகங்களுக்கு இது நன்றாகப் பழக்கமாகியிருக்கும். கிராணி தன் ஸ்கிரிப்டைக் கட்டளைத் திரையில் ஓட்டிப் பார்க்கிறார். தொழிலாளர் பெயர்கள் அழகாக வருகின்றன. தாய் மென்பொருள் அதையே ஓட்டினால், முதல் தமிழ்ப் பெயரை அச்சிடும்போது யூனிகோட்என்கோட்எரர். இருவர் சொல்வதும் உண்மைதான். பைத்தான் 3.6 முதல் விண்டோஸ் கட்டளைத் திரைக்கு எழுதும்போது யூனிகோட் பயன்படுகிறது. ஆனால் வெளியீடு ஒரு பைப் வழியே வேறொரு மென்பொருளுக்குப் போகும்போது, கணினியின் வட்டார அமைப்புக்குரிய பழைய குறியாக்கம் பயன்படுகிறது. அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை. ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை. தாய் மென்பொருள் பைத்தானைக் கிளப்பும்போது, 3.7 பதிப்பு முதல் கிடைக்கும் யுடிஎஃப்-8 முறையை இயக்கிவிட்டு, தானும் யுடிஎஃப்-8 என்றே படித்தால் போதும்.

இதே பைப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. பிழை தேடுவதற்காகக் கிராணி வரிக்கு வரி பிரிண்ட் போட்டிருப்பார். சிறிய தோட்டத்தின் தரவில் ஓடுகிறது. பெரிய தோட்டத்தின் தரவில் உறைகிறது. தாய் மென்பொருள் 'புரோசஸ் முடியட்டும், பிறகு படிப்போம்' என்று காத்திருக்கிறது. பைப்போ ஓரளவு நிரம்பியதும் எழுதுபவரை நிறுத்திவிடுகிறது. ஸ்கிரிப்ட் இடம் கிடைக்கட்டும் என்றும், தாய் மென்பொருள் ஸ்கிரிப்ட் முடியட்டும் என்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் ஓடும்போதே இணையாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். தனிப் புரோசஸுக்கு மாறியவர்கள் 'முன்பு இப்படி உறைந்ததில்லையே' என்று சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

திறந்தவுடன் விழுகிறது, மறுபடி திறந்தாலும் விழுகிறது

தொடக்கத்திலேயே ஏற்றப்படும் ஸ்கிரிப்ட் விழவைத்தால், அதை நீக்கும் திரைக்குக்கூடப் போக முடியாது. 2024 ஜூலை 19-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய உள்ளடக்கக் கோப்பு ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியபோது நடந்ததும் இதுதான்: திறக்கும்போதே விழுந்த கணினிகளுக்குத் திருத்தத்தை அனுப்ப வழியில்லாமல், பலவற்றைச் சேஃப் மோடில் திறந்து கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று.

உடனடி வழி, ஸ்கிரிப்ட் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுத் திறப்பது. எக்செலைக் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் ஆட்-இன் எதுவும் இல்லாமல் வருவது போல, உங்கள் மென்பொருளிலும் ஸ்கிரிப்ட் இல்லாமல் திறக்க ஒரு வழி இருக்கட்டும். நிரந்தர வழி இன்னும் எளிது: ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் ஏற்றுவதற்கு முன் அதன் பெயரை ஒரு சிறு கோப்பில் எழுதி வட்டில் பதியச் செய்யுங்கள்; ஏற்றி முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்தக் கோப்பில் பெயர் மீந்திருந்தால், போன முறை விழவைத்தது அதுதான். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒதுக்கியிருப்பதைத் திரையில் பெரிதாகச் சொல்லுங்கள்.

எந்த ஸ்கிரிப்ட் என்றே தெரியாவிட்டால் பாதியை நிறுத்தி ஓட்டுங்கள், பிறகு அதில் பாதி. 16 ஸ்கிரிப்டுகளில் குற்றவாளி ஒன்றுதான் என்றால் நான்கே சுற்றில் கிடைத்துவிடும்.

விழவில்லை, ஆனால் தொகை தப்பாக இருக்கிறது

விழுவதைவிட இது மோசம். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 65.38 ரிங்கிட், 8 மணி நேர வேலைக்கு மணிக்கு 8.17. மிகைநேர ஸ்கிரிப்ட் இதை ஒன்றரை மடங்காக்கி 12.26 என்று கணக்கிட்டு, விடையைத் தனியே வைக்காமல் அதே கட்டத்தில் எழுதிவிட்டதென்று கொள்ளுங்கள். அடுத்து வரும் பொது விடுமுறை ஸ்கிரிப்ட் 12.26-ஐச் சாதாரண மணிக்கூலி என்று நம்பி அதன் மேல் மும்மடங்கு போடும். ஸ்கிரிப்டுகளின் வரிசையை மாற்றினால் தொகையும் மாறுகிறது என்றால் காரணம் இதுதான். ஸ்கிரிப்டுக்குத் தரவின் நகலை மட்டும் கொடுங்கள். திரும்பி வரும் விடையைத் தாய் மென்பொருள் சரிபார்த்துத் தானே எழுதட்டும். எழுதும்போது ஒரு தொழிலாளியின் எல்லாக் கட்டங்களும் ஒரே பரிமாற்றமாக, எழுதினால் எல்லாம், இல்லையேல் எதுவுமில்லை என்று, எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் விழுந்த கணக்கு, பாதி புதியதும் பாதி பழையதுமாக நிற்கும்.

தனிப் புரோசஸாகப் பிரித்த பிறகு எடைப்பாலம் தாமதமாகிறது

ஒவ்வொரு சீட்டுக்கும் பைத்தானைப் புதிதாகக் கிளப்பினால் பழைய கணினியில் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியும். வெட்டிய குலை அன்றே ஆலைக்குப் போக வேண்டிய இடத்தில் லோரி வரிசை வளர்வதை யாரும் விரும்பமாட்டார்கள். வேலைக்காரப் புரோசஸ் ஒன்றைக் காலையிலேயே கிளப்பி உயிரோடு வைத்து, சீட்டுகளை அதற்கு வரிசையாக அனுப்புங்கள். நூறு சீட்டுக்கு ஒரு முறையோ, நினைவகம் வரம்பை நெருங்கும்போதோ, லோரி இல்லாத நேரம் பார்த்து அதை முடித்துப் புதியதைக் கிளப்புங்கள். அடுத்தடுத்து மூன்று முறை விழுந்த ஸ்கிரிப்டை மறுபடி கிளப்ப வேண்டாம். அப்போது தாய் மென்பொருள் எடையை மட்டும் பதிந்து, கூலிக் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சீட்டை அச்சிட வேண்டும். லோரி போய்விடும், ஸ்கிரிப்டைத் திருத்திய பிறகு பதிந்துவைத்த எடைகளின் மேல் கூலிக் கணக்கை மட்டும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.